மருந்துவிடு தூது
(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் ஆற்றப்பெற்ற உரை)



பத்து ஆண்டுகளாகச் சங்கப் பாடலையும் கம்பனையும் பாரதியையும் புதுக்கவிதையையும் பேசி வந்துள்ள இம்மேடையில் மருந்தைப் பற்றிய உரைக்கு இடம் உண்டா என்று சிலர் ஐயுறக்கூடும். ராஜா அண்ணாமலைபுரத்தின் அமைவிடமே அதற்கு விடை கூறும். அடையாற்றின் வடகரையாகிய இப்பகுதியில் தொல்காப்பியர் பெயர் தாங்கிய பூங்கா இருக்கிறது. பாலத்தைக் கடந்து தென்கரைக்குச் சென்றால் காந்தி நகர். அங்கேதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954ஆம் ஆண்டு 12 படுக்கைகளுடன் தொடங்கிய புற்றுநோய் மருத்துவமனை உள்ளது. அதற்குச் சற்றுத் தொலைவில் இந்தியத் தொழில்நுட்பக் கழகம். இவ்வட்டத்தின் கூட்டத்திற்குப் பேருந்தில் வருவோர் சிலரின் பக்கத்து இருக்கையில், அம்மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளி ஒருவர் அமர்ந்திருக்கக் கூடும். அவருடைய குருதியில் ஏறும் மருந்தைப் பற்றி எந்தத் தமிழில் அவரிடம் பேசுவது என்பதே இவ்வுரையின் பொருள்.

‘இந்நோய்க்கு இது இராமபாணம்’ என்பது நாட்டு மருந்து விளம்பரங்களில் தலைமுறை தலைமுறையாக வரும் தொடர். இராமபாணத்தின் சிறப்பு யாது? குறித்ததை மட்டும் தைக்கும். வினை முடித்துத் தூணிக்கு மீளும். மராமரங்கள் ஏழையும் துளைத்த கணை மீண்டது. இராவணன் மார்பில் பாய்ந்த கணையும் மீண்டது. கம்பன் காட்டும் இக்காட்சிகளை அவையோர் நன்கு அறிவர். ஜெர்மனியில் பால் எர்லிக் என்னும் அறிஞர், 1908ஆம் ஆண்டு நோபல் பரிசு பெற்றவர், ஏறத்தாழ இதே கற்பனையைக் கொண்டிருந்தார். நோய்க்கிருமியை மட்டும் வீழ்த்தி உடலைத் தொடாமல் விடும் மருந்து ஒன்று வேண்டும் என்றார். அதற்கு ‘மாயக் குண்டு’ என்று பெயரிட்டார். 1910இல் மேகநோய்க்கு அவர் தந்த சால்வர்சான் அந்தக் கனவின் முதற் பயன்.

மருந்தின் உண்மை நிலை வேறு. தலைவலிக்கு விழுங்கும் மாத்திரை தலைக்கு மட்டும் செல்வதில்லை. குடலில் கரைந்து, கல்லீரலைக் கடந்து, குருதியோடு கலந்து கால் விரல் நுனி வரை செல்கிறது. தலைவலி மாத்திரைக்கு இது பெருங்குறை ஆகாது. புற்றுநோய் மருந்துக்கு ஆகும். விரைந்து பெருகும் உயிரணுக்களைக் கொல்லுவதே அம்மருந்தின் தொழில். மயிர்க்கால்களும் குடலின் உட்பூச்சும் விரைந்து பெருகுவனவே. மருந்துக்குப் பகையும் உறவும் தெரியாது. முடி உதிர்வதும் வாய் புண்ணாவதும் அதனால்தான்.

இக்குறையைத் தீர்க்க மருந்தையே மாற்றாமல், அது ஏறிச் செல்லும் ஊர்தியை மாற்றினால் என்ன என்ற கேள்வியிலிருந்து எழுந்ததே நானோ மருத்துவம். ‘நானோ’ என்பது குள்ளனைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லின் வழி வந்தது. ஒரு மீட்டரை 100 கோடிக் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். தலைமயிர் ஒன்றின் தடிப்பு ஏறத்தாழ 80,000 முதல் 1,00,000 நானோமீட்டர். தமிழரின் கீழ்வாய் இலக்கத்தில் முந்திரி என்பது 320இல் 1. அதனை மீண்டும் 320 கூறிட்டால் கீழ்முந்திரி, அதாவது 1,02,400இல் 1. அதற்கும் கீழே இம்மி முதலிய பெயர்கள் உள்ளன. நானோ என்பது கீழ்முந்திரியினும் ஏறத்தாழ 10,000 மடங்கு சிறியது. கணக்கில் இவ்வளவு கீழே இறங்கிப் பெயரிட்ட மொழிக்கு இந்த அளவு மலைப்பைத் தர வேண்டியதில்லை.

இந்த ஊர்திகளுள் மூத்தது ஒரு குமிழ். 1960களில் இங்கிலாந்தில் அலெக் பாங்காம் என்பவர், உயிரணுவின் உறையில் உள்ள கொழுப்புப் பொருளை நீரில் கலந்து ஆராய்ந்தார். அக்கொழுப்பின் மூலக்கூற்றுக்குத் தலை நீரை நாடும். வால் நீருக்கு அஞ்சும். ஆகவே நீரில் இட்டவுடன் அவை தாமாகவே இரட்டை வரிசையாக நின்று, வால்களை உள்ளே மறைத்து, உள்ளீடற்ற குமிழ்களாகத் திரண்டன. அதனை ‘லைப்போசோம்’ என்றனர். கொழுப்புக் குமிழ் என்றால் தமிழில் எவருக்கும் விளங்கும். குமிழின் வயிற்றில் மருந்தை அடைத்துக் குருதியில் விடலாம் என்ற எண்ணம் 1970களின் தொடக்கத்திலேயே தோன்றிவிட்டது.

விட்டபோது என்ன நிகழ்ந்தது என்பதுதான் சுவையான பகுதி. குமிழ்கள் நோயுற்ற இடத்தை அடையும் முன்னரே கல்லீரலும் மண்ணீரலும் அவற்றைப் பற்றிக்கொண்டன. குருதியில் வரும் அயற்பொருளை விழுங்கித் தூய்மை செய்யும் பெருவிழுங்கி அணுக்கள் அங்கே காவல் நிற்கின்றன. தூது சென்றவன் கோட்டை வாயிலிலேயே பிடிபட்டான். புற்றுநோயை எண்ணி உழைத்தோருக்கு இது தோல்வி. ஆனால் இன்னொரு நோய்க்கு அதுவே வழியாயிற்று. அந்த நோயின் கதையில் சென்னைக்கு ஒரு பங்கு உண்டு.

1903ஆம் ஆண்டு சென்னை அரசு பொது மருத்துவமனையில் சார்லஸ் டொனோவன் என்னும் மருத்துவர் பணியாற்றினார். நீங்காத காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலுமாக வந்து மாண்ட நோயாளிகளின் மண்ணீரல் திசுவையும், பின்னர் உயிரோடிருந்த நோயாளி ஒருவரின் மண்ணீரலிலிருந்து ஊசியால் எடுத்த துளியையும் நுண்ணோக்கியில் கண்டார். சிறு முட்டை வடிவ உயிர்கள் அங்கே இருந்தன. ஏறத்தாழ அதே காலத்தில் இங்கிலாந்தில் லீஷ்மன் என்பவரும் அவற்றைக் கண்டு எழுதியிருந்தார். யார் முந்தியவர் என்ற பூசலைத் தீர்க்க, ரொனால்டு ராஸ் இருவர் பெயரையும் சேர்த்து ‘லீஷ்மானியா டொனோவானி’ என்று அவ்வுயிருக்குப் பெயர் சூட்டினார். கருங்காய்ச்சல் எனப்படும் காலா அசாரின் காரணம் அதுவே. டொனோவன் பின்னர் இங்கிருந்து சிறு தொலைவிலுள்ள இராயப்பேட்டை மருத்துவமனையின் முதற் கண்காணிப்பாளராகவும் இருந்தார். அவர் பெயரைச் சென்னை இன்று ஏறக்குறைய மறந்துவிட்டது, ஒட்டுண்ணி மறக்கவில்லை.

அந்த ஒட்டுண்ணி வாழும் இடம் எது? கல்லீரலிலும் மண்ணீரலிலும் உள்ள அதே பெருவிழுங்கி அணுக்களின் உட்புறம். காவலனின் வயிற்றிலேயே பகைவன் குடியிருக்கிறான். ஆகவே காவலன் விழுங்கும் குமிழில் மருந்தை வைத்தால் அது பகைவனின் வீட்டு வாயிலிலேயே இறங்கும்.

ஆம்போடெரிசின்-பி என்னும் பழைய மருந்து இந்நோய்க்கு வல்லது, சிறுநீரகத்துக்கோ கொடியது. ஒன்றுவிட்டு ஒரு நாளாக ஒரு மாதம் மருத்துவமனையில் கிடந்து 15 முறை ஏற்றிக்கொள்ள வேண்டும். பீகாரின் கூலித் தொழிலாளிக்கு ஒரு மாதக் கூலியை இழப்பது நோயைப் போன்றதொரு துன்பம். அம்மருந்தையே கொழுப்புக் குமிழில் வைத்து ஒரே ஒரு முறை ஏற்றிப் பார்த்த ஆய்வு பீகாரில் நடந்து 2010இல் வெளிவந்தது. ஆறு திங்கள் கழித்து நோக்கியபோது 100க்கு 95 பேருக்கு மேல் குணமடைந்திருந்தனர். 30 நாள் ஒரு நாளாயிற்று. மருந்து அதே மருந்துதான்.

இந்தியாவிலேயே இத்தகைய குமிழ் மருந்தை உருவாக்க உழைத்தவர்களுள் முதன்மையானவர் பிமல் குமார் பச்சாவத். கொல்கத்தாவில் பிறந்தவர், வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் பல்லாண்டுகள் நரம்பு வேதியியல் ஆய்வகத்தை வளர்த்தவர், 1962இல் பட்நாகர் பரிசு பெற்றவர். குமிழ் ஆய்வை அவர் வேலூரை விட்டுச் சென்ற பின்னரே விரிவாகச் செய்தார் என்பதால் தமிழகம் அதற்கு உரிமை கொண்டாட முடியாது. எனினும் அவருடைய ஆய்வு வாழ்வின் வளமான ஆண்டுகள் பாலாற்றங்கரையில் கழிந்தன என்பதைப் பதிவு செய்யலாம். 1996இல் அவர் மறைந்தார். தில்லிப் பல்கலைக்கழகத்தின் தென் வளாகத்தில் அவர் வழிகாட்டிய ஆய்விலிருந்து வந்த ஆம்போடெரிசின் குமிழ் மருந்து பின்னர் விற்பனைக்கும் வந்தது.

அதன் அருமை 2021ஆம் ஆண்டு மே மாதத்தில் தெரிந்தது. கொரோனாவிலிருந்து மீண்டவர்களைக் கருப்புப் பூஞ்சை பற்றியது. தமிழ்நாடும் அதனை அரசுக்கு அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. ஜூன் இறுதிக்குள் நாடெங்கும் 40,000க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மருந்துக் கடை வாசல்களில் மக்கள் கையில் சீட்டோடு தேடி அலைந்தது ஆம்போடெரிசினை மட்டுமன்று, குமிழில் பொதிந்த ஆம்போடெரிசினை. வெறும் மருந்து ஓரளவு கிடைத்தது. சிறுநீரகத்தைக் காக்கும் ஊர்திக்குத்தான் தட்டுப்பாடு. குமிழ் செய்யும் தூய கொழுப்பு வேண்டிய அளவு இல்லை. சீட்டின் ஒரு மூலையில் எழுதப்பட்ட ‘லைப்போசோமல்’ என்ற அடைமொழியின் பொருள் புரியாமலே எத்தனை பிள்ளைகள் தம் தாய் தந்தையருக்காக ஊர் முழுதும் அலைந்திருப்பார்கள்!

இனிப் புற்றுநோய்க்கு வருவோம். கல்லீரலின் காவலைத் தாண்டுவதற்குக் குமிழின் மேல் நீரை ஈர்க்கும் நெகிழ்ந்த இழைகளால் ஒரு போர்வை போர்த்தினர். போர்வை இருந்ததால் காவலர்கள் எளிதில் இனங்காணவில்லை. குமிழ்கள் நாள் கணக்கில் குருதியில் உலவின. புற்றுக் கட்டியில் அவசரத்தில் முளைத்த குருதி நாளங்கள் செம்மையாகக் கட்டப்படாத சுவர் போன்றவை. அவற்றில் சில நூறு நானோமீட்டர் வரை அகன்ற விரிசல்கள் உண்டு. 100 நானோமீட்டருக்குச் சற்றுக் குறைந்த குமிழ் நல்ல நாளத்தில் கசியாது, இவ்விரிசலில் கசியும். இக்கசிவை 1986இல் ஜப்பானியர் மட்சுமுராவும் மயேதாவும் விளக்கினர். டாக்சோரூபிசின் என்னும் செந்நிற மருந்தை, குமிழ் ஒன்றில் 10,000 மூலக்கூறுகளுக்கு மேல் அடைத்துச் செய்த ‘டாக்சில்’ 1995இல் அமெரிக்க அரசின் ஒப்புதல் பெற்றது. அந்நாட்டில் ஒப்புதல் பெற்ற முதல் நானோ மருந்து என அது கருதப்படுகிறது. பின்னாளில் அமெரிக்காவில் அதற்குத் தட்டுப்பாடு வந்தபோது, 2012இல் இந்தியாவின் சன் பார்மா நிறுவனத்தின் ‘லிப்போடாக்ஸ்’ மருந்தை இறக்குமதி செய்துகொள்ள அந்நாட்டரசு இசைந்தது. தன்னம்பிக்கை கொள்ளத்தக்க நிகழ்ச்சி இது. மேடைகளில் இதனை எவரும் சொல்வதில்லை.

டாக்சோரூபிசினின் பெருங்கேடு இதயத்தைத் தாக்குவது. குமிழில் வந்தபோது அத்தாக்கம் வெகுவாகக் குறைந்தது. ஆனால் வேறொன்று முளைத்தது. உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தோல் சிவந்து, எரிந்து, சிலருக்கு உரிந்தது. நெடுநேரம் உலவும் குமிழ்கள் அங்கேயும் கசிகின்றன. இதயம் தப்பியது, கை எரிந்தது. இரண்டில் எது ஏற்கத்தக்கது என்பது தெளிவே. ஆயினும் பாத்திரம் துலக்கிப் பிழைக்கும் பெண்ணொருத்திக்கு உள்ளங்கையின் தோல் என்பது சிறு செய்தியாகாது.

இன்னும் வியப்புக்குரிய எண் ஒன்று உண்டு. கனடாவின் டொராண்டோவில் ஓர் ஆய்வுக் குழு, பத்தாண்டுகளில் வெளிவந்த விலங்கு ஆய்வுகளைத் தொகுத்து 2016இல் கணக்கிட்டது. குருதியில் செலுத்திய நானோ துகள்களில் கட்டியைச் சென்றடைந்தது, இடைநிலை அளவில், 100க்கு 0.7 பங்கு. ஆயிரம் தூதர் சென்றால் ஏழு பேர். அந்த ஏழு பேரே பயன் தருகின்றனர் என்பது மருந்தின் பெருமை. மற்ற 993 பேர் எங்கே என்பது நோயாளி கேட்கத்தக்க கேள்வி.

ஆதலின் இதனை இராமபாணம் என்பது பொருந்தாது. தமிழ் மரபில் இதற்கு இணையான இலக்கிய வகை தூது. அன்னமும் கிளியும் மேகமும் தென்றலும் நெஞ்சும் தமிழும்கூடத் தூது சென்றன. தூதுப்பொருளைப் புகழ்ந்து, வழி சொல்லி, மாலை வாங்கி வரும்படி இரந்து நூல் முடியும். தூது போய்ச் சேர்ந்ததா, மாலை கிடைத்ததா என்று புலவர் பெரும்பாலும் கூறுவதில்லை. கணை என்றால் தைத்தே தீரும் என்னும் உறுதி சொல்லிலேயே அடங்கிவிடுகிறது. தூது என்னும் சொல்லில் ஐயத்துக்கு இடம் இருக்கிறது. அந்த ஐயம் இங்கே உண்மைக்கு நெருக்கமானது.

அடையாற்றின் தென்கரையிலும் இம்முயற்சி நடைபெறுகிறது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தினர், ஆஸ்திரேலியாவின் மொனாஷ், டீக்கின் பல்கலைக்கழகங்களோடு சேர்ந்து, டாக்சோரூபிசினை நுண்குமிழில் பொதிந்து, சிலிக்கானால் ஆன மிக நுண்ணிய குழல்களின் வழியே மார்பகப் புற்றணுவின் உள்ளேயே செலுத்தும் முறையை 2025இல் அறிவித்தனர். ஆய்வகத்தில் வளர்த்த அணுக்களில் கண்ட பயன் அது. மனிதருக்கு வர நெடுந்தொலைவு உண்டு. செய்தியைப் படித்தவுடன் அடையாறு மருத்துவமனைக்கு ஓடிச் சென்று அம்மருந்தைக் கேட்டவர் இருந்தால், குற்றம் அவருடையதன்று. செய்தி எழுதிய தமிழினுடையது.

இவ்விடத்தில் கவிஞர் பெருமக்களோடு ஒரு சிறு வழக்கு உண்டு. நானோ என்ற சொல் மேடையேறியவுடன், சித்தர்கள் இதை அன்றே அறிந்திருந்தனர் என்ற முழக்கமும் கூடவே எழும். திருவள்ளுவமாலையில் ஔவையார் பெயரால் வழங்கும் பாடலும் சான்றாக வரும். அப்பாடல் குறளின் செறிவைப் புகழ வந்த உவமை. அதை ஆய்வேடாக்குவது ஔவைக்குச் சிறப்புச் செய்வதாகாது.

சித்த மருத்துவத்தின் பற்பமும் செந்தூரமும் வேறு வகையான சான்று. அவற்றை எளிதில் ஒதுக்க இயலாது. உலோகத்தை மூலிகைச் சாற்றில் அரைத்து, வில்லை தட்டி, அகலில் வைத்து மேலகல் மூடி, சீலைமண் செய்து புடமிடுவர். ஒரு வறட்டிக்குக் காடைப்புடம், மூன்றுக்குக் கவுதாரிப்புடம், பத்துக்குக் குக்குடப்புடம், ஐம்பதுக்கு வராகப்புடம், ஆயிரத்துக்குக் கசப்புடம். வெப்பமானி இல்லாத காலத்தில் வெப்பத்தை வறட்டியால் எண்ணிய அறிவு அது. முடிந்த பற்பத்துக்குத் தேர்வும் உண்டு: நீரில் தூவினால் மிதக்க வேண்டும், விரலிடையே தேய்த்தால் ரேகையின் பள்ளத்தில் படிய வேண்டும், உலோகத்தின் மினுக்கு இருத்தல் கூடாது. நுண்மையை அளக்கக் கண்ணும் விரலும் மட்டுமே கொண்டு வகுத்த தேர்வுகள் இவை. ஆயுர்வேத முறைத் தங்க பஸ்பத்தை மின்னணு நுண்ணோக்கியில் ஆராய்ந்தோர், அதில் 60 நானோமீட்டருக்கு அருகான துகள்களைக் கண்டதும் உண்மை.

ஆனால் நுண்மை ஒன்றே நானோ மருத்துவம் ஆகிவிடாது. அடுப்புக் கரியின் புகையிலும் நானோ துகள் உண்டு. தங்கம் நுண்ணிதானால் செந்நிறம் காட்டும் என்று 1857இல் பாரடே கண்டதைக் கொண்டு, செந்தூரத்தின் சிவப்பும் அதுவே என்று எழுதுவோர் இருக்கின்றனர். அயச்செந்தூரத்தின் சிவப்பு இரும்பின் துருவினது; இலிங்கச் செந்தூரத்தின் சிவப்பு இரசமும் கந்தகமும் கூடியது. இரசம் நுண்ணிதானால் நன்மையும் பெருகலாம், நஞ்சும் பெருகலாம். எது பெருகும் என்பதை மருந்துக்கு மருந்து சோதித்தே சொல்ல வேண்டும். சோதனையைக் கேட்போரைத் தமிழ்ப் பகைவர் என்று ஏசுவது, தேர்வு வகுத்து மருந்து செய்த சித்தர்களின் வழியன்று.

பெருமை கொள்ள வேண்டிய இடம் பற்பத்தைவிட அனுபானம் என்று கருத இடமுண்டு. ஒரே பற்பத்தை ஒரு நோய்க்கு நெய்யில் கொடுப்பர், மற்றொன்றுக்குத் தேனில், பிறிதொன்றுக்குப் பாலில். மருந்து ஒன்று, ஊர்தி பல. அந்த ஊர்திகள் உண்மையில் மருந்தை வெவ்வேறு உறுப்புக்குக் கொண்டு செல்கின்றனவா என்பது ஆராய்ந்து அறியத்தக்கது. ஆனால் மருந்தையும் ஊர்தியையும் பிரித்து எண்ணி, ஊர்திக்கு ஒரு தனிச்சொல் வைத்த மரபு இங்கே இருந்தது.

சொல் என்றதும் இன்னொரு செய்தி. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகப் பேராசிரியர் த. பிரதீப், தம் தாய்மொழியாகிய மலையாளத்தில் நானோ தொழில்நுட்பத்துக்கு ஓர் அறிமுக நூல் எழுதினார். நுண்துகள்களுக்கு வசந்தம் என்பது அதன் தலைப்பின் பொருள். 2010ஆம் ஆண்டுக்கான கேரள சாகித்திய அகாதெமிப் பரிசு அதற்குக் கிடைத்தது. நூலின் பெயரில் துகளைக் குறிக்க வரும் மலையாளச் சொல் ‘கணம்’. தமிழில் அது நொடிப்பொழுதையும் கூட்டத்தையும் குறிக்கும். அடையாற்றங்கரையில் ஆராய்ச்சி செய்பவர் எழுதிய அந்நூலைப் பாராட்டிப் பரிசளித்தது பாரதப்புழையின் நாடு.

தமிழில் கலைச்சொல் இல்லாமல் இல்லை, மிகுதியாகவே உண்டு. நானோவுக்கு மீநுண் என்கின்றனர். மீட்டரையும் கிராமையும் ஏற்றுக்கொண்ட மொழி அளவுப்பெயராகிய நானோவையும் ஏற்கலாம். இதில் பூசல் வேண்டியதில்லை. இடர்ப்பாடு மற்றொரு சொல்லில் இருக்கிறது. ‘இலக்கு நோக்கிய மருந்து செலுத்தல்’ என்பது இன்று பரவலாக வழங்கும் மொழிபெயர்ப்பு. 2019ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருத்துவ ஆய்வுகள் விதிகளின்படி, ஆய்வு மருந்தை ஏற்கும் நோயாளிக்கு அவருக்குப் புரியும் மொழியில் விளக்கிய பின்னரே இசைவு பெற வேண்டும். அதே ஆண்டில் நானோ மருந்துகளை மதிப்பிடுவதற்கென்று தனி வழிகாட்டு நெறியும் இந்தியாவில் வெளிவந்தது. ஆகவே அச்சொல் ஆய்வேட்டில் மட்டும் இருக்கப்போவதில்லை. நோயாளி கையொப்பமிடும் தாளில் வரும். ‘இலக்கு நோக்கிய’ என்று படிப்பவர் தம் உடலின் ஏனைய பகுதி தப்பும் என்றே கொள்வார். 0.7 என்ற எண்ணும் எரியும் உள்ளங்கையும் அத்தொடரில் இல்லை.

இவ்வட்டத்தின் கவிஞர்கள் பதினோராம் ஆண்டில் ஒரு பணியை மேற்கொள்ளலாம். அத்தகைய தாள் ஒன்றை ஒரு மருத்துவரின் துணையோடு தமிழில் எழுதிப் பார்ப்பது. மாதிரிக்குச் சில வரிகள்:

“அம்மா, இந்த மருந்து மிகச் சிறிய கொழுப்புக் குமிழ்களுக்குள் வைக்கப்பட்டிருக்கிறது. கட்டியில் உள்ள இரத்தக் குழாய்களில் கசிவு இருப்பதால் குமிழ்களில் சில அங்கே தங்கும். மிகுதியானவை வேறு இடங்களுக்குப் போகும். இதயத்துக்கு வரும் கேடு, பழைய முறையைவிடக் குறைவு. உள்ளங்கையும் உள்ளங்காலும் சிவந்து எரியலாம், தோல் உரியலாம். அப்படி வந்தால் உடனே சொல்லுங்கள். மருந்தின் அளவைக் குறைக்கவோ, நாளைத் தள்ளிவைக்கவோ முடியும். வேண்டாம் என்று நீங்கள் சொன்னாலும் உங்களுக்கான மருத்துவம் நிற்காது.”

இதில் ‘தங்கும்’ என்பதா, ‘சேரும்’ என்பதா, ‘ஒதுங்கும்’ என்பதா எனத் தேர்வதற்குக் கவிஞரின் செவி வேண்டும். தாளின் படிகள் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. திருத்தங்களைப் பக்க ஓரத்திலேயே எழுதலாம்.